மேசை இல்லாத எழுத்து: பாக்கெட் நோட்டு பற்றிச் சில குறிப்புகள்

எழுத்தைப் பற்றி நாம் நடத்தியிருக்கிற விவாதங்கள் பெரும்பாலும் மேசைமேல் வைத்து எழுதப்பட்ட எழுத்தைப் பற்றியவைதான். கவிதை, நாவல், தலையங்கம், அரசாணை, தீர்ப்பு என்று இவற்றைப் பிரதிகளாக எடுத்து வைத்துக்கொண்டு, ஆசிரியன் செத்தானா பிழைத்தானா என்று வேண்டியமட்டும் பேசியாயிற்று. நின்றுகொண்டு எழுதுகிற எழுத்து என்று ஒன்றும் இருக்கிறது. வாசலில் சைக்கிளை ஒரு காலால் தாங்கிக்கொண்டு பால் கணக்கு குறிப்பவர், சந்தையில் தண்டல் வசூலிப்பவர், சாரத்துக்குக் கீழே நின்று ஆள் கணக்கு எழுதும் மேஸ்திரி, ரோந்து போகிற போலீஸ்காரர், ஆலை வாசலில் சந்தா வாங்கும் சங்கத் தோழர். இவர்கள் யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. உள்ளங்கைதான் மேசை. சட்டைப்பையில் அடங்குகிற ஒரு சின்ன நோட்டுதான் கருவி. அதை யாரும் பிரதியாக மதிப்பதில்லை. தீர்ந்துபோனால் பழைய பேப்பர்காரருக்குப் போய்விடும். ஆனால் கூலி, கடன், கைது என்று வாழ்க்கையை நேரடியாகத் தொடுகிற விஷயங்கள் முதன்முதலில் எழுத்தாவது இதில்தான்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கடையில் மூன்று விதம் கிடைக்கும்: முதுகில் பின் அடித்தது, நூல் போட்டுத் தைத்தது, கம்பிச்சுருள் கோத்த ஸ்பைரல். பின் அடித்ததில் நடுத்தாள் சீக்கிரம் கழன்று வந்துவிடும். ஸ்பைரலில் தாளைக் கிழித்து யாரிடமும் கொடுத்துவிடலாம், கிழித்த தடம்கூட ஒழுங்காகத் தெரியாது. தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித்தாள் ஆடும், கிழித்தவனைக் காட்டிக்கொடுக்கும். இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகப் போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்க் பேனாவால் எழுதினால் வியர்வையில் கரையும். பென்சில் மழையையும் தாங்கும். அனுபவப்பட்ட மேஸ்திரிகள் தச்சுப் பென்சிலைத் துண்டாக்கி வைத்திருப்பது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை.

இன்னொரு பழக்கம் உண்டு. நோட்டுக்கு முன்பக்கத்திலிருந்து வேலைக் கணக்கு, தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து சொந்தக் கணக்கு. முன்னாலிருந்து சங்கம், பின்னாலிருந்து வீடு. இரண்டும் நடுவில் முட்டிக்கொள்கிறபோது நோட்டு தீர்ந்துபோகும். பொதுவெளி, அந்தரங்கம் என்று கோட்பாட்டாளர்கள் பிரித்து வைத்ததை இந்த நோட்டுக்காரர்கள் ஒரே அட்டைக்குள் வைத்துச் சமாளிக்கிறார்கள். அதன் கவர்ச்சியும் இதுதான் என்று நினைக்கிறேன். அது எதையும் கேட்பதில்லை. தலைப்பு கேட்காது, வடிவம் கேட்காது, முழு வாக்கியம்கூடக் கேட்காது. மண்ணெண்ணெய் பாக்கிக்குப் பக்கத்திலேயே ஒரு கவிதை வரி உட்கார்ந்துகொள்ளும். எழுதி வைத்துவிட்டால் மறந்துவிடலாம் என்கிற நிம்மதி வேறு.

ஆனால் சட்டைப்பை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டோம். சட்டை யாருக்கு இருந்தது? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் தாழ்த்தப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் சட்டையோ பனியனோ போடக்கூடாது என்பது அதில் ஒன்று. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாக வந்தபோது, அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது என்பதும் சேர்ந்தது. ஜே. எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். சட்டையும் எழுத்தும் ஆறேழு மாத இடைவெளியில் ஒரே கையால் மறுக்கப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் சட்டைப்பையில் நோட்டும் பேனாவும் தெரிய நடந்துபோவதை வெறும் வசதி என்று எப்படிச் சொல்வது? பேனா மூடி வெளியே தெரிகிற மாதிரி குத்திக்கொள்வதைக் கேலி செய்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கணும்.

பெண்களுக்கு இன்றைக்கும் பை இல்லை. புடவைக்கு முந்தானை முடிச்சும் இடுப்புச் சுருக்குப்பையும்தான், அவை காசுக்கு ஆனவை, காகிதத்துக்கு ஆனவை அல்ல. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் பாஸ் புத்தகம் பீடித்தட்டில் இலைக்குக் கீழே கிடக்கும். அது அவர்கள் வைத்திருக்கிற நோட்டுதான், அவர்கள் எழுதுகிற நோட்டு அல்ல. இலையும் தூளும் எவ்வளவு கொடுத்தது, எத்தனை பீடி வந்தது, கழிவு எவ்வளவு என்று எழுதுவது கடைக்காரரின் பேனா. 1966ஆம் ஆண்டுச் சட்டம் பீடி, சுருட்டுத் தொழிலாளருக்குச் சில உரிமைகளைத் தந்தது. ஆனால் ஒருத்தி தொழிலாளி என்று நிரூபிக்க அந்தப் புத்தகத்தில் அவள் பெயர் இருக்கணும். ஒருத்தி பெயரில் உள்ள புத்தகத்தில் இரண்டு மூன்று பேர் சுற்றிப் போடுகிற இடங்களில் மற்றவர்கள் எழுத்தில் இல்லாதவர்கள், ஆகவே சட்டத்தில் இல்லாதவர்கள்.

தண்டல் நோட்டும் இதே கதைதான். 10,000 என்று பேசி, ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்டணும். 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. நோட்டு தடையில்லாமல் சுற்றி வருகிறது. பிடித்துக்கொண்ட தொகை எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. கட்டாத நாள் மட்டும் தவறாமல் ஏறும். எது எழுதப்படுகிறது என்பதைக் காட்டிலும் எது எழுதப்படாமல் விடப்படுகிறது என்பதில்தான் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது. இதை விளக்க நமக்கு ஃபூக்கோ வேண்டியதில்லை, மார்க்கெட்டில் காய்கறி விற்கிற எந்த அம்மாவும் சொல்லிவிடுவார்.

இலக்கியக்காரர்கள் இந்தச் சமாச்சாரமெல்லாம் நமக்கு எதற்கு, எழுத்தாளனின் குறிப்பேடு வேறு ஜாதி என்று சொல்லக்கூடும். வேறு அல்ல. ‘குறிப்பேடு’ என்கிற சொல்லே நம் பள்ளிகளில் கணக்குப்பதிவியல் பாடத்தில் வருவது. குறிப்பேட்டில் எழுதிப் பிறகு பேரேட்டுக்குக் கொண்டுபோவது வியாபாரக் கணக்கின் முறை. அதற்கும் முன்னால் அவசரத்தில் கிறுக்கி வைப்பது சிட்டை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் இயற்பியல் பேராசிரியராக இருந்த லிச்டென்பெர்க் தம் நோட்டுகளுக்கு வைத்த பெயரும் இங்கிலாந்து வியாபாரிகளின் இப்படிப்பட்ட முதல் ஏட்டிலிருந்து எடுத்ததே. வாங்கியது விற்றது எல்லாவற்றையும் ஒழுங்கில்லாமல் முதலில் அதில் எழுதிப் பிறகு பிரிப்பார்கள், நானும் அப்படியே என்று சொன்னவர் அவர். ஐரோப்பிய நறுக்குமொழியின் பெரிய மூலம் ஒன்று சிட்டை நோட்டிலிருந்து வந்திருக்கிறது. கடைசிவரை பேரேடு எழுதாமல் போனதுதான் அவர் சாதனை.

இன்று இதையே வேறுவிதமாக விற்கிறார்கள். 1997இல் மிலான் நகரத்து நிறுவனம் ஒன்று கறுப்பு அட்டையும் ரப்பர் பட்டையும் போட்ட நோட்டை மோல்ஸ்கின் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்து, ஹெமிங்வே, பிகாசோ பெயர்களையும் கூடவே விற்றது. அந்தப் பெயரே ப்ரூஸ் சாட்வின் தம் பயண நூலில் எழுதியதிலிருந்து எடுத்தது. பழைய நோட்டுகளைச் செய்துவந்த சிறு பிரெஞ்சுத் தயாரிப்பாளர்களோ அதற்குப் பத்து வருஷம் முன்பே மறைந்துவிட்டார்கள். மேசை உள்ளவர்களுக்கு, மேசை இல்லாதவர்களின் பொருளை மேதைமையின் அடையாளமாகத் திருப்பி விற்கிற வித்தை இது. நல்ல காகிதம்தான், மறுக்கவில்லை.

இப்போது தைத்த நோட்டு, ஸ்பைரல் விஷயத்துக்கு வருவோம். 1991 மே மாதம் டெல்லியில் ஜெயின் சகோதரர்கள் தொடர்பான சோதனையில் சி.பி.ஐ. இரண்டு ஸ்பைரல் நோட்டுகள், இரண்டு சிறிய ஸ்பைரல் பேடுகள், சில உதிரித்தாள்கள் ஆகியவற்றைக் கைப்பற்றியது. பெயர்களின் முதல் எழுத்துகள், பக்கத்தில் தொகைகள். ஹவாலா வழக்கு என்று நாடே பேசிற்று. 1998 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு விநோதமான கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது: புத்தகம் என்றால் என்ன? கிழித்தால் ஒழியக் கலைக்க முடியாதபடி தாள்கள் கட்டப்பட்டிருந்தால் அது புத்தகம். ஆகவே ஸ்பைரல் நோட்டும் பேடும் புத்தகங்கள், கோப்பில் இருந்த உதிரித்தாள்கள் அல்ல. பிரதி பற்றிய கோட்பாட்டு விவாதம் உச்ச நீதிமன்றத்திலேயே நடந்திருக்கிறது, நம் சிற்றிதழ்கள் கவனிக்கவில்லை! ஆனால் புத்தகம் என்று ஒத்துக்கொண்ட பிறகும், அதில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து இன்னொருவர்மீது பொறுப்பைச் சுமத்த முடியாது என்று சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவைக் காட்டி நீதிமன்றம் சொல்லிவிட்டது. அத்வானியும் வி. சி. சுக்லாவும் வெளியே வந்தார்கள்.

சட்டப்படி அது சரியான வாதம் என்றே எனக்குப் படுகிறது. எவனோ தன் நோட்டில் என் பெயரை எழுதி வைத்தால் நான் குற்றவாளியா? தண்டல்காரர் நோட்டுக்கு எதிராகவும் இதே வாதத்தை வைக்கலாம். பிரச்சினை என்னவென்றால், அங்கே வாதம் நீதிமன்றம் வரை போவதில்லை. நடுத்தெருவிலேயே நோட்டைப் பிரித்துக் காட்டித் தீர்ப்பு சொல்லியாகிவிடும்.

நோட்டு நம் பக்கம் நின்ற இடமும் உண்டு. 1994 டிசம்பரிலிருந்து ராஜஸ்தானில் மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் ஊர்ஊராகப் பொது விசாரணைகள் நடத்திற்று. மஸ்டர் ரோலில் யார் பெயருக்கு எத்தனை நாள் கூலி எழுதியிருக்கிறது என்று படித்துக்காட்டி, அந்த ஆளையே எழுப்பிக் கேட்பது. செத்தவர் பெயருக்கும் கூலி வந்திருந்தது. ஆவணங்களின் நகலைக் கேட்டார்கள். 1996 ஏப்ரலில் மாநில அரசு ஒரு சலுகை அறிவித்தது: பார்வையிடலாம், கையால் குறிப்பு எடுத்துக்கொள்ளலாம், ஜெராக்ஸ் எடுக்கக்கூடாது. அதாவது பென்சிலும் நோட்டும் கொண்டுவரலாம். அந்தக் கைக்குறிப்புக்கு ஆதார மதிப்பு கிடையாது என்பது தெரிந்தேதான் கொடுத்தார்கள். பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. பின்னால் வந்த 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் சான்றிட்ட நகலோடு சேர்த்து, பார்வையிடுவதும் குறிப்பெடுப்பதும் உரிமையாகவே எழுதப்பட்டிருக்கின்றன. நகலுக்கு மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிற நம் தோழர்கள் பலர், நோட்டோடு நேரில் போய் உட்காரலாம் என்கிற இந்த உரிமையை மறந்துவிடுகிறார்கள்.

போலீஸ் தரப்பில் ஒரு நாட்குறிப்பு உண்டு. விசாரணை அதிகாரி அன்றாடம் எழுதுகிற கேஸ் டைரி. அதைக் குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டு வாங்க முடியாது, பழைய குற்ற நடைமுறைச் சட்டத்திலும் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அதுவே நிலை. வால்டர் பெஞ்சமின் 1928இல் வெளியிட்ட நூலில் எழுத்தாளனுக்கு யோசனை சொல்கிறபோது, நோட்டு வைத்திருப்பதை அதிகாரிகள் அந்நியர் பதிவேடு வைத்திருக்கும் கறார்த்தனத்தோடு ஒப்பிட்டார். ஐந்தே வருஷத்தில் அவரே நாடிழந்து பாரீஸில் அந்நியரானார். 1940இல் எல்லையோர ஊரான போர்ட்போவில் மாண்டார். அந்த ஒப்புமையை அவர் விளையாட்டாகச் சொல்லியிருந்தாலும் நாம் வினையாக எடுத்துக்கொள்வது நல்லது. அவர்கள் எழுதுகிற அளவுக்குக் கறாராக நாம் எழுதுகிறோமா?

ஏன் எழுதணும் என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. சாட்சி சொல்கிறவர், சம்பவம் நடந்த நேரத்திலோ நினைவு மங்குவதற்குள்ளோ தானே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 159ஆம் பிரிவு சொல்லிற்று. புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. ஆகவே தடியடி நடந்த இடத்தில் நின்று நேரம், வண்டி எண், சட்டையில் குத்தியிருந்த பெயர் என்று குறித்த இரண்டு வரி, வீட்டுக்குப் போய் எழுதிய நாலு பக்க அறிக்கையைவிடக் கனமானது. இதற்கொரு விலையும் உண்டு. அந்த நோட்டை எதிர்த்தரப்பும் கேட்டுப் பார்த்துக் குறுக்கு விசாரணை செய்யலாம். பக்கத்துக்கு எண் போட்டு, தேதி போட்டு, தைத்த நோட்டில் எழுதியிருந்தால் நிற்கும். ஸ்பைரலில் எழுதினால் நடுவில் எத்தனை தாள் போயிற்று என்று கேட்பார்கள்.

போன் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று இளைய தோழர்கள் கேட்கிறார்கள். படம் எடுக்கப் போன் வேண்டும்தான். ஆனால் 2018 ஜூனில் பீமா கொரேகாவ் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த ஆர்செனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம், அதில் கோப்புகள் வெளியிலிருந்து திருட்டுத்தனமாக வைக்கப்பட்டிருந்ததாக 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. புலனாய்வு முகமை அதை ஏற்கவில்லை. ஆறரை வருஷம் கழித்து, 2025 ஜனவரியில்தான் அவருக்குப் பிணை. காகித நோட்டில் மட்டும் பொய்யை நுழைக்க முடியாதா? முடியும். ஆனால் அதற்கு யாராவது ஒருவர் நம் கையெழுத்தைப் போலவே எழுதணும், நம் பையைத் தொடணும். உடம்புக்குப் பக்கத்தில் வரணும்.

உடம்போடு இருப்பதால்தான் அது உடம்போடு மாட்டிக்கொள்ளவும் செய்கிறது. யூதப் பிறப்புள்ள ஹங்கேரியக் கவிஞர் மிக்லோஷ் ரத்னோதி, 1944இல் செர்பியாவின் போர் சுரங்கத்தில் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார். பிறகு ஹங்கேரி வழியாக நடத்திச் செல்லப்பட்டு, நவம்பரில் அப்தா என்ற ஊருக்கருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 1946 ஜூனில் புதைகுழியைத் தோண்டியபோது அவர் கோட்டுப் பையில் கையடக்க நோட்டு ஒன்று இருந்தது, பத்துக் கவிதைகளோடு. முதல் பக்கத்தில், இதைக் கண்டெடுப்பவர் புடாபெஸ்டில் இன்னாரிடம் சேர்க்கவும் என்று ஹங்கேரியன், செர்பியன், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய ஐந்து மொழிகளில் எழுதியிருந்தார். தன் நோட்டைத் திறக்கப்போவது யார் கை என்று தெரியாது, எல்லாக் கைகளுக்கும் எழுதி வைப்போம் என்று.

நம் நோட்டைத் திறக்கப்போவது யார் கை என்று ஓரளவு நமக்குத் தெரியும். முதல் பக்கத்தில் வழக்கறிஞரின் தொலைபேசி எண்ணை எழுதலாம், ரத்த வகையை எழுதலாம். கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை எழுத வேண்டாம். அதற்குச் சங்க அலுவலகத்தில் ரிஜிஸ்டர் இருக்கிறது. அதைக் கொண்டுபோக அவர்கள் மகஜர் எழுதியாகணும். சட்டைப்பையிலிருந்து உருவிக்கொள்கிறவர்கள் நடைமுறையில் எதையும் எழுதுவதில்லை.