ஒரு நிமிடம் யாருக்கு உரியது? தொப்புள்கொடியும் நம் குழந்தைகளின் இரத்தசோகையும்

குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடியைக் கவ்வியிட்டு வெட்டுவதா, ஒன்று முதல் மூன்று நிமிடங்கள் வரை காத்திருப்பதா? பிரசவ அறைக்குள் மட்டுமே பேசப்பட்டுவந்த இக்கேள்வி, இரத்தசோகை தலைமுறைகளாகத் தொடரும் ஊர்களில் சமூகநீதிக் கேள்வியும் ஆகும்.

பிறக்கும் நேரத்தில் குழந்தையின் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அது குழந்தைக்கே உரிய இரத்தம், தாயிடமிருந்து எடுக்கப்படுவதன்று. கொடியை உடனே அடைக்காவிட்டால் முதல் நிமிடத்தில் சுமார் 80 மில்லிலிட்டர், மூன்று நிமிடங்களில் சுமார் 100 மில்லிலிட்டர் இரத்தம் குழந்தையைச் சென்றடையும். அதன்வழிக் கிடைக்கும் இரும்புச்சத்து, உடல் எடையில் கிலோவுக்கு 40 முதல் 50 மில்லிகிராம். நிறைமாதக் குழந்தையின் உடலில் இயல்பாக இருப்பதோ கிலோவுக்குச் சுமார் 75 மில்லிகிராம். தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. ஆகவே முதல் ஆறு மாதங்கள் குழந்தை பெரிதும் இந்தச் சேமிப்பைச் சார்ந்தே வளர்கிறது. மூளை விரைந்து வளரும் காலமும் அதுவே.

இரத்தசோகையுள்ள தாய்மார்களின் குழந்தைகளிடம் டெல்லியில் நடந்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. காத்திருந்து கொடி வெட்டப்பட்ட குழந்தைகளுக்கு மூன்றாம் மாதத்தில் இரும்புச் சேமிப்பு கூடுதலாக இருந்தது. காத்மாண்டுவில் 540 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. எட்டாம் மாதத்தில் இரத்தசோகை, ஒரு நிமிடத்துக்குள் கொடி வெட்டப்பட்டோரிடம் 82.2 விழுக்காடு, மூன்று நிமிடம் காத்திருந்தோரிடம் 73 விழுக்காடு. காத்திருப்பு மட்டும் இரத்தசோகையை ஒழித்துவிடாது. ஆனால் செலவே இல்லாத ஒரு செயலுக்கு இது பெரும் பயன்.

தாய்க்கு இரத்தப்போக்கு இதனால் கூடுவதில்லை. மஞ்சள் காமாலைக்கு ஒளிச்சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை சற்றே உயரலாம். அதைக் கண்காணித்தல் வேண்டும். மூச்சுவிடத் திணறும் குழந்தைக்கு உடனடிச் சிகிச்சை தேவைப்பட்டால் முடிவு மருத்துவருடையது.

பிறகு ஏன் அவசரம்? பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கைத் தடுக்கும் முறையின் ஒரு பகுதியாக, உடனே கொடியை அடைக்குமாறு நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. பாடம் மாறிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. 2018இல் தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' திட்டமும் காத்திருந்து வெட்டுவதை வலியுறுத்துகிறது. கற்ற பழக்கமும் நெரிசல்மிக்க பிரசவ அறையும் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இரத்தசோகை 2015-16இல் 50.7 விழுக்காடு, 2019-21இல் 57.4 விழுக்காடு. 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் 53.4 விழுக்காடு. இதே ஆய்வில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தவை. மூன்றில் இரண்டு பங்கு அரசு மருத்துவமனைகளில். ஆக, அந்த ஒரு நிமிடம் பெரும்பாலும் அரசின் கையில் இருக்கிறது.

செஞ்சியைச் சுற்றியுள்ள காலனிகளில் இதன் பொருள் கூடுதல் கனமானது. 2011 கணக்கெடுப்பில், பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்ட மக்களில் சுமார் 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர்; மாநில அளவு 20 விழுக்காடு. நிலமற்று, பிறர் வயலில் நாற்று நட்டும் மணிலாக்கொட்டை பறித்தும் உழைக்கும் பெண், நிறைமாதத்திலும் வேலையை விடவியலாதவள். அவள் குழந்தைக்கு நஞ்சுக்கொடியில் எஞ்சும் இரத்தம் பிறவிச் சொத்து. அதைக் குப்பைக் கூடைக்கு அனுப்பிவிட்டு, ஆறாம் மாதம் இரும்புச்சத்து மருந்து கொடுப்பது என்ன நியாயம்?

அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு ஊட்டச்சத்தை உயர்த்துவதை அரசின் கடமையாக்குகிறது. மகப்பேறு நலம் 21ஆம் பிரிவின் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2010இல் இலக்சுமி மண்டல் வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆனால் ஏட்டில் பதியாத நிமிடத்தை எந்த நீதிமன்றத்திலும் நிறுவ முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மருத்துவமனையில் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. உள்ளே நுழைந்த பிறகு எவருக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பது பதிவேடு இருந்தால் மட்டுமே தெரியும்.

எனவே கோரிக்கை எளியது. ஒவ்வொரு பிரசவத்திலும் கொடி வெட்டப்பட்ட நேரம் நோயாளிப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும்; ஒரு நிமிடத்துக்குள் வெட்டியிருந்தால் காரணமும் எழுதப்பட வேண்டும். மருத்துவமனை வாரியான தொகுப்பு எண்ணிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 2002ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகளின்படி, தாய் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவருடைய சிகிச்சைப் பதிவேடுகளை மருத்துவர் தர வேண்டும். கிராம சபையிலும் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாளிலும் இதை வாய்விட்டுக் கேட்கத் தொடங்குவோம்: 'எங்கள் குழந்தைக்கு எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள்?'