எண்ணெய்க் கிணறும் செவ்வாய்க் கோளும்: துளையிடல் அறிவின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

விஞ்ஞானத்தின் வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாகக் காணும் மரபு நம்மிடையே இன்னும் வலுவுடன் நிலவுகின்றது. 1931ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மாநாட்டிலே சோவியத் அறிஞர் பொரிஸ் ஹெஸ்ஸன் இம்மரபினை மறுத்துரைத்தார். கடற்போக்குவரத்து, சுரங்கத் தொழில், போர்த்தொழில் ஆகியவற்றின் தேவைகளே நியூற்றனின் இயக்கவியலுக்குப் பின்புலமாக அமைந்தன என்பது அவர் வாதம். இன்று மனிதர் வேற்றுக் கோள்களின் நிலத்தையே துளைக்க முயல்கின்றனர். அம்முயற்சிக்கு வேண்டிய அறிவின் ஒரு பகுதி எண்ணெய்க் கிணறுகளிலே பிறந்தது. அவ்வறிவு எவ்வளவு தூரம் பயன்பட்டது, எங்கே போதாமற் போயிற்று என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

1859இல் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் தோண்டுவித்த கிணறு ஏறத்தாழ 21 மீற்றர் ஆழமானது. பாறையை மீண்டும் மீண்டும் இடித்து உடைப்பதே அன்றைய முறை. 1901இல் ரெக்சாஸ் மாநிலத்தின் ஸ்பின்டில்ரொப் என்னுமிடத்தில் எண்ணெய் பீறிட்டெழுந்ததன் பின்னர் சுழல்முறைத் துளையிடல் பரவலாயிற்று. இம்முறை மூன்று வசதிகளை ஆதாரமாகக் கொண்டது. முதலாவது, துளையிடும் அலகைப் பாறையில் அழுத்துவதற்கான பல தொன் நிறையுள்ள குழாய்த் தொடர். இரண்டாவது, குழாய்வழியே செலுத்தப்படும் துளைச் சேறு. இச்சேறு அலகைக் குளிர்விக்கின்றது. உடைந்த துகள்களை மேலே கொணர்கின்றது. துளையின் சுவர் இடிந்து விழாமற் காக்கின்றது. மூன்றாவது, பேரளவிலான இயந்திர வலு. இவை மூன்றுக்கும் மேலாக இன்னொன்றும் உண்டு. இயந்திரத்தின் ஒலியையும் அதிர்வையும் கொண்டு நிலத்தடியில் நிகழ்வதை உய்த்துணரும் தொழிலாளியின் அனுபவமே அது. ஏட்டில் இடம்பெறாத இவ்வறிவின்றி எக்கிணறும் ஆழம் கண்டதில்லை.

வேற்றுக் கோள்களிலே இவ்வாதாரங்கள் ஒவ்வொன்றும் இல்லாதொழிகின்றன. சந்திரனின் ஈர்ப்பு பூமியினதில் ஆறிலொரு பங்கு. செவ்வாயினது ஐந்தில் இரண்டு பங்கிலும் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 900 கிலோகிராம் திணிவுடைய ஊர்தியொன்று செவ்வாயிற் பாறையை வலுவாக அழுத்த முற்படின் தானே மேலெழும்ப நேரும். அங்குள்ள வளியமுக்கம் பூமியினதில் நூறிலொரு பங்கிலும் குறைவு. அந்நிலையில் நீரை அடிப்படையாகக் கொண்ட சேறு கொதித்து ஆவியாகும் அன்றேல் உறைந்துவிடும்; எடுக்கவேண்டிய மாதிரியையும் அது மாசுபடுத்தும். ஆகவே துளையிடல் உலர்நிலையிலேயே நிகழவேண்டும். வலுவோ 100 வாற்று அளவிலானது. சைகையொன்று பூமியை வந்தடையப் பல நிமிடங்கள் செல்லுமாதலால் தொழிலாளியின் செவிக்கும் கைக்கும் அங்கு இடமில்லை.

இவற்றின் விளைவுகளை வரலாறு காட்டுகின்றது. 1970இல் சோவியத் யூனியனின் லூனா 16, மனிதத் துணையின்றி 35 சென்ரிமீற்றர் ஆழம் துளைத்து 101 கிராம் மண்ணைப் பூமிக்குக் கொணர்ந்தது. 1971இல் அப்பலோ 15 பயணத்தின்போது மனிதரே நேரில் நின்று துளையிட்டும், வெப்ப அளவீட்டுக்கான துளைகள் திட்டமிட்ட ஆழத்தை எட்டவில்லை. துளைத்தண்டின் மூட்டுகளிலே புரிகள் தொடர்பற்றுப் போனமையால் துகள்கள் மேலேறாது இறுகின. பூமியிலே சேறு செய்த பணியைச் செய்ய அங்கு எதுவும் இல்லாமையே சிக்கலின் வேர். தண்டு திருத்தியமைக்கப்பட்டு, 1972இல் அப்பலோ 17 வேண்டிய ஆழத்தைக் கண்டது. 2013 பெப்ருவரியிற் கியூரியோசிற்றி ஊர்தி செவ்வாய்ப் பாறையில் முதன்முதலாகத் துளையிட்டு மாதிரி எடுத்தபோது, துளையின் ஆழம் 6 சென்ரிமீற்றரளவே. அதன் துளைக்கருவி சுழல்வதோடு இடிக்கவும் செய்தது. நிறை கிடைக்காதவிடத்து, டிரேக்கின் காலத்து இடிமுறை புதிய வடிவில் மீண்டும் வந்தது எனலாம். இன்சைற் கலம் கொண்டுசென்ற ஜேர்மானிய இடிமுளையோ 5 மீற்றர் வரை இறங்கவேண்டியது. தன்னைச் சூழ்ந்த மண்ணின் உராய்வை நம்பியே அது இயங்கியது. மண் போதிய உராய்வைத் தராமையால் 2019இல் தொடங்கிய முயற்சி 2021 ஜனவரியிற் கைவிடப்பட்டது.

ஆயின், துளையிடும் கலையினும் சிறப்பாகப் பயணஞ் செய்தது துளையை வாசிக்கும் கலையாகும். 1934இல் உரோமிலே என்றிக்கோ பெர்மியின் குழுவினர் மெதுவான நியூத்திரன்களின் இயல்பைக் கண்டறிந்தனர். அவர்களுள் இளையவரான புரூனோ பொன்ரெகோர்வோ, நாற்சிப் படைகளுக்குத் தப்பிப் பிரான்சிலிருந்து ஐக்கிய அமெரிக்கா சென்று, ஒக்லஹோமாவில் எண்ணெய்த் துறையிற் பணிபுரிந்தார். கிணற்றுள் நியூத்திரன்களைச் செலுத்திப் பாறையை அறியும் முறையை 1941இல் அவர் வெளியிட்டார். நியூத்திரனும் ஐதரசனின் கருவும் ஏறத்தாழச் சம திணிவுடையன. சம பந்தோடு மோதிய பந்து வேகமிழப்பதுபோல, ஐதரசன் மிக்கவிடத்தில் நியூத்திரன் விரைவில் வேகமிழக்கும். எண்ணெய்க் கிணற்றில் ஐதரசன் எண்ணெயையோ நீரையோ சுட்டும். செவ்வாயிலே அது நீரையும் நீரேறிய கனிப்பொருளையும் சுட்டும். 2012இற் செவ்வாயில் இறங்கிய கியூரியோசிற்றியிலுள்ள ரஷ்யக் கருவி, இதே தத்துவத்தின்படி நியூத்திரன் துடிப்புகளைச் செலுத்தி, துளையிடாமலே ஏறத்தாழ அரை மீற்றர் ஆழம்வரை ஐதரசனைத் தேடுகின்றது. பொன்ரெகோர்வோ பொதுவுடைமைவாதி; 1950இற் சோவியத் யூனியனிற் குடியேறியவர்.

இவ்வுதாரணம் ஹெஸ்ஸனின் கருத்தை இயந்திரப் பாங்காகக் கையாள்வோருக்கு ஓர் எச்சரிக்கையுமாகும். பொருளாதாரத் தேவை விஞ்ஞானத்தைப் பெற்றது என்று மட்டும் கூறி அமைதல் இயலாது. ஆய்வுகூடத்தில் எழுந்த அறிவு எண்ணெய் முதலாளித்துவத்தின் இலாப நோக்கினால் வளர்க்கப்பட்டு, அந்நோக்கத்தைக் கடந்து மீண்டும் ஆய்வுக்கே திரும்பியது. அதேவேளை தொழிலின் பழக்கங்கள் பல மறுக்கப்பட்ட பின்னரே அவ்வறிவு புதிய களத்திற் பயன்பட்டது. இதனையே நாம் இயங்கியல் உறவு என்கின்றோம்.

இவ்விடத்து இன்னொரு வினாவும் எழுகின்றது. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, எந்நாடும் வேற்றுக் கோள்களைத் தன் உடைமையாக்குதலைத் தடுக்கின்றது. 1979ஆம் ஆண்டின் சந்திர உடன்படிக்கை அங்குள்ள வளங்களை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்றது. ஆயின் விண்வெளி வல்லரசுகள் அதனை ஏற்கவில்லை. 2015இல் ஐக்கிய அமெரிக்காவோ விண்வெளியில் எடுக்கும் வளங்கள்மீது தன் குடிமக்களுக்கு உரிமையளிக்கும் சட்டத்தை இயற்றியது. எண்ணெய் வயல்களிலே உழைத்தோரின் பெயர்கள் வரலாற்றில் எஞ்சவில்லை. அவர்களது உழைப்பிற் பிறந்த அறிவு இன்று கோள்களை எட்டியுள்ளது. அவ்வறிவோடு எண்ணெய் வயலின் உடைமை உறவுகளும் அங்கு செல்லவேண்டுமா என்பது பொறியியலாளர் மட்டும் விடைகூறத்தக்க வினா அன்று.