பழைய காரில் புளூடூத் இசை

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டதால், மாவனல்லையைக் கடந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும் பழைய ஜப்பானியக் கார்களின் வானொலிப் பெட்டிகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. அவற்றில் புளூடூத் இசையைக் கேட்கப் பலர் நாடுவது, சிகரெட் லைட்டர் துளையில் செருகப்பட்டு, கைத்தொலைபேசியின் ஒலியை மெல்லிய பண்பலை அலையாக மாற்றி அனுப்பும் சிறு கருவியையே. ஆனால் ஜப்பானின் பழைய பெட்டிகள் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையே பிடிக்கக்கூடியவை. இலங்கை ஒலிபரப்போ 108 வரை செல்கிறது. இதனால் அன்டெனா வயருக்கும் பெட்டிக்கும் இடையே, அலைவரிசையைக் குறிப்பிட்ட அளவு கீழிறக்கும் 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' பொருத்தப்படுகிறது. அது 20 மெகாஹேர்ட்ஸ் இறக்குமாயின், கருவியில் 98 என வைத்ததைப் பெட்டியில் 78இல் தேட வேண்டும். மலைப்பாதையில் அதே அலைவரிசையில் வேறொரு நிலையம் குறுக்கிட்டால் பாட்டு இரைச்சலாகிவிடும் என்பதால், 'ஓக்ஸ்' எனப்படும் வெளி ஒலி உள்ளீட்டுத் துளை உள்ள பெட்டிக்கு, அதில் செருகும் புளூடூத் வாங்கியே மேலானது. அந்த வாங்கி காரின் மின்சாரத்திலேயே இயங்கும்போது எஞ்சினின் வேகத்தோடு ஏறியிறங்கும் ரீங்காரம் கேட்டால், ஒலி வயரின் இடையே 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்னும் சிறு மின்தனிப்பானைச் சேர்ப்பது பெரும்பாலும் அதை அடக்கிவிடும்.