சர்க்கரைக்கொல்லி: பெயர்ப்பொருளும் வேதியியல் சான்றும்

நீரிழிவுக்குத் தமிழ் மருத்துவம் கையாளும் மூலிகைகளுள் சிறுகுறிஞ்சான் குறிப்பிடத்தக்கது. எருக்கின் குடும்பத்தைச் சார்ந்த இக்கொடிக்கும் குறிஞ்சிச் செடிக்கும் பெயரொலி தவிர வேறு உறவில்லை. நாகூர் முதலான காவிரிப் படுகை ஊர்களின் நாட்டு மருந்துக் கடைகளில் பொடியாக விற்கப்படும் இதன் இலைக்குச் ‘சர்க்கரைக்கொல்லி’ என்பது மறுபெயர். இப்பெயரிலுள்ள ‘சர்க்கரை’ எதனைச் சுட்டுகிறது என்பது ஈண்டு வேதியியல் சான்றுகளுடன் ஆராயப்படுகிறது.

‘அவருக்குச் சர்க்கரை’ என்றால் இன்றைய வழக்கில் நோய் என்றே பொருள். எனவே நோயைக் கொல்லும் இலை எனக் கொள்வது எளிதாகிறது. பழைய வழக்கு வேறு. நீரிழிவு, மதுமேகம் என்னும் இரு பெயர்களும் சிறுநீரின் இயல்பை நோக்கி எழுந்தவை. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வெளியிட்ட சரபேந்திர வைத்திய முறைகள் வரிசையிலும் இந்நோய்க்குரிய நூல் ‘நீரிழிவு சிகிச்சை’ என்றே பெயர் பெற்றுள்ளது. இந்தியில் இம்மூலிகை ‘குட்மார்’ எனப்படும். வெல்லத்தைக் கொல்வது என்பது பொருள். அங்கு வெல்லம் நோய்ப்பெயர் ஆகாமையின் இம்மயக்கத்திற்கு இடமில்லை.

உண்மையில் கொல்லப்படுவது சுவை. இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் இனிப்புத் தோன்றாது. மணலை மென்றாற்போல் இருக்கும். 1847இல் எட்ஜ்வர்த் இப்பண்பைப் பதிவு செய்தார். உதகமண்டலத்தில் அரசின் கொய்னா ஆய்வாளராகப் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் 1887இல் இலையிலிருந்து இதற்குக் காரணமான பொருளைப் பிரித்து, ‘ஜிம்னெமிக் அமிலம்’ எனப் பெயரிட்டார். அது ஒரே சேர்மம் அன்று, டிரைடெர்பீன் சப்போனின்களின் தொகுதி என்பதைப் பிற்கால ஆய்வுகள் தெளிவுபடுத்தின. இலைச்சாற்றை நீரில் குலுக்கினால் நிலைத்த நுரை எழுவது சப்போனினுக்குரிய எளிய அடையாளம். அளவறிய வேண்டின் இது போதாது. சாற்றை நீராற்பகுத்து, அத்தொகுதிக்கு அடிப்படையான ஜிம்னெமாஜெனினைப் பெற்று, அதனை உயர்திறன் நீர்ம நிறச்சாரல் முறையால் அளப்பர். நாவில் இவ்வமிலங்கள் இனிப்பு ஏற்பிப் புரதத்தில் பிணைந்து அதன் செயலைத் தற்காலிகமாகத் தடுக்கின்றன. ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் சுவை மீள்கிறது.

நாவில் நிகழ்வது குருதியில் நிகழ்வதற்குச் சான்றாகாது. குருதிச் சர்க்கரை குறித்த ஆய்வும் தமிழகத்திலேயே நிகழ்ந்துள்ளது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட இரு கட்டுரைகளுள் ஒன்று, இரண்டாம் வகை நீரிழிவுடைய 22 பேருக்கு வழக்கமான மருந்துடன் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாற்றுப் பொருளை 18 முதல் 20 மாதங்கள் அளித்ததைக் கூறுகிறது. குருதிச் சர்க்கரை குறைந்தது. ஐவர் வழக்கமான மருந்தை நிறுத்த முடிந்தது. ஊக்கமளிக்கும் முடிவுதான், எனினும் குலுக்கல் முறையில் பிரித்த ஒப்பீட்டுக் குழுவோ மறைப்பு முறையோ இல்லாத சிறு ஆய்வு இது. மற்றொன்று இன்சுலின் சார்ந்த 27 பேரைப் பற்றியது. அதிலும் இலைச்சாறு இன்சுலினுக்குத் துணையாகவே தரப்பட்டது, மாற்றாக அன்று.

ஆதலின் மருத்துவ அகராதிகளும் சுவடிப் பதிப்புகளின் அருஞ்சொல் விளக்கங்களும் சர்க்கரைக்கொல்லி என்பதற்கு ‘நீரிழிவைப் போக்குவது’ என்று மட்டும் பொருள் எழுதாமல், ‘இனிப்புச்சுவை அறியவொட்டாது தடுக்கும் இலை’ என்பதை முதற்பொருளாகத் தருதல் வேண்டும்.