கோழிப்பண்ணை சென்சாருக்கு பிரவுசரிலிருந்தே கோடு ஏற்றலாமா? 'வெப் சீரியல்' வேலை செய்வது எப்படி?

ஏப்ரல், மே வந்துவிட்டால் நாமக்கல் பக்கம் முட்டைக் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும். வெயில் 40 டிகிரியைத் தொட்டால் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தீவனம் எடுப்பது குறையும், முட்டை ஓடு மெலியும். மதியம் கரண்ட் போய், ஃபாகர் நின்று, யாரும் கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில் கோழிகள் செத்து விழும்.

இதற்காகத்தான் ஷெட்டுக்குள் ஒரு சின்ன சர்க்யூட் போர்டை மாட்டி, வெப்பநிலையை போனிலேயே பார்க்கிற யோசனை பலருக்கும் வருகிறது. இஎஸ்பி32 என்கிற போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வைஃபை அதிலேயே இருக்கிறது. கூட ஒரு டிஹெச்டி22 சென்சார் போதும். வீட்டில் இன்ஜினியரிங் படிக்கிற பையனோ பொண்ணோ இருந்தால், "அப்பா, இதை நானே செஞ்சு தரேன்" என்று சொல்லியிருப்பார்கள்.

சிக்கல் அதற்கப்புறம்தான். போர்டை வாங்கியாச்சு. அதற்குள் கோடை எப்படி ஏற்றுவது?

பழைய வழி என்றால் ஆர்டுயினோ ஐடிஇ சாஃப்ட்வேரை இறக்க வேண்டும். பிறகு இஎஸ்பி32-க்கான கூடுதல் பேக்கேஜ், அது நூற்றுக்கணக்கான எம்பி. பிறகு யூஎஸ்பி டிரைவர். காலேஜ் லேப் கம்ப்யூட்டர் என்றால் ஒவ்வொன்றுக்கும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அந்தப் பாஸ்வேர்டு தெரிந்தவர் அன்றைக்கு லீவில் இருப்பார்! பள்ளிகளிலும் இதே கதைதான். நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் நாடு முழுவதும் 10 ஆயிரம் பள்ளிகளுக்கு லேப் கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை நிதி. அரசுப் பள்ளிகளில் ஐந்து ஆண்டுகளில் இன்னும் 50 ஆயிரம் லேப் அமைக்கப்படும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். போர்டு வந்துவிடும். 45 நிமிட பீரியடில் 30 நிமிடம் இன்ஸ்டாலேஷனுக்கே போனால் பிள்ளைகள் எப்போது எல்இடியை எரியவிடுவது?

பிரவுசர் வழி இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது.

பிரவுசருக்குள் என்ன நடக்கிறது?

சாதாரணமாக ஒரு வெப்சைட்டால் உங்கள் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனத்தைத் தொட முடியாது. தொடவும் கூடாது. இதில் ஒரு சின்னக் கதவைத் திறந்தது கூகுள் குரோம். 2017-இல் குரோம் 61-இல் 'வெப் யூஎஸ்பி' வந்தது. 2021 மார்ச்சில் குரோம் 89-இல் 'வெப் சீரியல்' வந்தது. மைக்ரோசாஃப்ட் எட்ஜும் குரோமின் அதே அடித்தளத்தில் ஓடுவதால் அதிலும் இது உண்டு.

வெப்சைட்டில் 'கனெக்ட்' பட்டனை நீங்கள் அழுத்தினால்தான் பிரவுசர் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டும். அதில் கம்ப்யூட்டரில் இருக்கும் போர்ட்டுகளின் பட்டியல் இருக்கும். எதைத் தேர்வு செய்கிறீர்களோ அது மட்டும்தான் அந்த வெப்சைட்டுக்குத் தெரியும். மற்றவை தெரியாது. அதோடு, முகவரி ஹெச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் தளங்களில் மட்டுமே இது வேலை செய்யும்.

தேர்வு செய்த பிறகு நடப்பது சுவாரஸ்யமானது. இஎஸ்பி32 போர்டில் யூஎஸ்பி பக்கமாக இன்னொரு குட்டி சிப் இருக்கும். சிஎச்340 அல்லது சிபி2102 என்று அதன் மேல் எழுதியிருக்கும். பிரவுசர் முதலில் இந்தச் சிப்பின் இரண்டு கம்பிகளை ஏற்றி இறக்குகிறது. "ரீசெட் ஆகு, ஆனால் பழைய புரோகிராமை ஓட்டாதே, புதுசு வருது காத்திரு" என்பதுதான் அதற்கு அர்த்தம். போர்டு 'சரி' என்றதும் கோடு துண்டு துண்டாகப் போகும், ஃபிளாஷ் மெமரியில் பதியும். போனதும் பதிந்ததும் ஒன்றுதானா என்று கடைசியில் சரிபார்க்கும். மறுபடி ஒரு ரீசெட். அவ்வளவுதான், பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பாதியில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடுமா என்று பலர் பயப்படுகிறார்கள். சாகாது. புதுக் கோடை வாங்கிக்கொள்ளும் அந்த அடிப்படைப் புரோகிராம், சிப் தயாரிக்கும்போதே அழிக்க முடியாத இடத்தில் எழுதப்பட்டது. திரும்பச் செருகி முதலிலிருந்து ஏற்றினால் போதும்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாம் எழுதுகிற சி++ கோடு அப்படியே போர்டுக்குப் போவதில்லை. அதை எந்திர மொழிக்கு மாற்ற வேண்டும். ஆர்டுயினோவின் கிளவுட் எடிட்டரில் அந்த வேலை அவர்களுடைய சர்வரில் நடக்கிறது. ஆனால் அதற்கு உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் போட வேண்டியிருக்கும். இஎஸ்பிஹோம் குழுவின் 'இஎஸ்பி வெப் டூல்ஸ்' வழியாக ஏற்றும் தளங்களுக்கு அதுவும் தேவையில்லை. முன்பே மாற்றி வைத்த ஃபைலை நேராக ஏற்றிவிடும். டாஸ்மோட்டா, டபிள்யூஎல்இடி போன்ற இலவச ஃபர்ம்வேர்களை இப்படித்தான் ஏற்றுகிறார்கள். டாஸ்மோட்டாவில் டிஹெச்டி22-ஐப் படிக்க ஒரு வரி கோடுகூட எழுத வேண்டாம், செட்டிங்கில் எந்தப் பின் என்று சொன்னால் போதும்.

"சார், போர்ட்டே காட்ட மாட்டேங்குது!"

இந்தப் புகார் வந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள். பழைய போன் சார்ஜர், ப்ளூடூத் ஸ்பீக்கரோடு வரும் கேபிள்களில் பல, சார்ஜ் மட்டும் ஏறுபவை. உள்ளே டேட்டா கம்பியே இருக்காது. போர்டில் லைட் எரியும், அதனால் எல்லாம் சரியென்று நினைத்து மணிக்கணக்கில் டிரைவரைத் தேடிக்கொண்டிருப்போம். கேபிளை மாற்றினால் வேலை முடிந்தது.

கேபிள் சரியென்றால் அடுத்தது டிரைவர். விண்டோஸ் 10, 11-இல் பெரும்பாலும் தானாக வந்துவிடும். பழைய விண்டோஸில் நாமே போட வேண்டும். லினக்ஸ் லேப்டாப் என்றால் போர்ட்டைத் திறக்க யூசருக்கு அனுமதி தர வேண்டியிருக்கும். போர்ட் காட்டுகிறது, ஆனால் கனெக்ட் ஆகவில்லை என்றால் வேறு ஏதாவது சாஃப்ட்வேர் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், எனவே ஆர்டுயினோ சீரியல் மானிட்டரை மூடிவிடுங்கள். அதற்கும் மசியவில்லையா? போர்டில் 'பூட்' என்று எழுதிய பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே கனெக்ட் கொடுங்கள்.

இதில் ஆபத்து எங்கே?

வசதி இருக்கும் இடத்தில் வில்லங்கமும் இருக்கும். 2018-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவர், லாகினைப் பாதுகாக்கும் யூபிகீ நியோ என்ற சாதனத்தை வெப் யூஎஸ்பி வழியாக ஒரு போலித் தளம் ஏமாற்ற முடியும் என்று காட்டினார்கள். கூகுள் அந்த ஓட்டையை அடைத்தது. இப்படிப்பட்ட காரணங்களால்தான் ஃபயர்ஃபாக்ஸின் மோசில்லா ஆரம்பத்திலேயே இந்த வசதிகளுக்கு எதிர்ப்பு தெரிவித்தது. ஆப்பிளும் சஃபாரியில் இவற்றைச் சேர்க்கவில்லை.

நம் ஊர் நிலவரத்தில் ஆபத்து இன்னும் எளிமையானது. யாரோ ஒருவர் வீடியோவில் கொடுத்த லிங்க்கில் போய், யார் எழுதியது என்றே தெரியாத ஃபைலை ஏற்றுகிறீர்கள். பிறகு அந்தப் போர்டுக்கு வீட்டு வைஃபை பாஸ்வேர்டையும் கொடுக்கிறீர்கள். அதே போர்டு ரிலே வழியாக ஃபாகர் மோட்டாரையும் போர் மோட்டாரையும் ஓட்டுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபர்ம்வேரை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் ஏற்றுவது நல்லது.

இன்னொன்று, கோடு ஏற்றும்போதும் ரீசெட் ஆகும்போதும் போர்டின் பின்கள் ஒரு நொடி ஏறி இறங்கலாம், ரிலே தானாக 'டக்' என்று அடிக்கலாம். மோட்டார் லைன் மாட்டியபடியே ஏற்றாதீர்கள். கழற்றி வைத்துவிட்டு ஏற்றுங்கள். 'எரேஸ் செய்யவா?' என்று கேட்கும்போது யோசிக்காமல் 'ஆம்' கொடுத்தால் பழைய வைஃபை விவரம், செட்டிங் எல்லாம் போய்விடும்.

ஷெட்டில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண தெர்மோஸ்டாட்டையும் பிடுங்கிப் போட வேண்டாம். மே மாத மதியத்தில் வைஃபை ரவுட்டரே சூட்டில் நின்றுபோகும்.

லேப்டாப் இல்லை, போன் மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்கு? இந்தத் தளங்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் குரோமையோ எட்ஜையோதான் கேட்கின்றன. ஆனால் கம்ப்யூட்டர் முதல் முறைக்கு மட்டும்தான் வேண்டும். டாஸ்மோட்டா, இஎஸ்பிஹோம் போன்றவற்றை ஒருமுறை யூஎஸ்பியில் ஏற்றிவிட்டால், அடுத்தடுத்த அப்டேட்டை வைஃபை வழியாகவே அனுப்பலாம். போர்டு ஷெட்டின் கூரைக்குக் கீழே மாட்டியது மாட்டியபடியே இருக்கும். பக்கத்துத் தெரு நண்பரின் லேப்டாப்பை அரை மணி நேரம் வாங்கினால் போதும், கூடவே டேட்டா போகிற ஒரு கேபிளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.