குடியை அளக்கும் பத்துக் கேள்விகள்

எவ்வளவு குடித்தால் தீங்கு என்று கேட்டால், ஊருக்கு ஊர் விடை மாறும். ஓரிடத்தில் விருந்தோம்பலாவது இன்னோரிடத்தில் இழிவாகும். எல்லா மக்களுக்கும் பொதுவாக அதனை அளப்பது எவ்வாறு?

இதற்கென உலக சுகாதார ஸ்தாபனம் 1980களில் ஆறு நாடுகளின் ஆய்வாளரை ஒன்றிணைத்தது. நோர்வே, அவுஸ்திரேலியா, கென்யா, பல்கேரியா, மெக்சிக்கோ, அமெரிக்கா ஆகிய நாடுகளில், வைத்தியரை நாடி வந்தோரிடம் ஒரே வினாக்கள் கேட்கப்பட்டன. எங்கும் பொருந்தியவற்றிலிருந்து உருவானதே, 1989இல் வெளியான ‘ஓடிட்’ எனும் பத்துக் கேள்விகள். மொத்தம் 40 புள்ளிகள். 8 அல்லது அதற்கு மேல் பெற்றால் எச்சரிக்கை.

குடியின் அளவோடு அது நிற்பதில்லை. குடியால் கடமை தவறினீர்களா, குற்றவுணர்வு வந்ததா, உறவினர் கவலைப்பட்டனரா என்றும் வினவுகிறது. அடிமையாகுமுன் கண்டறிவதே அதன் நோக்கம்.

அகதி விசாரணையில் ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசியவர்கள் நாம். கேள்வி என்றாலே அஞ்சுகிறோம். தனிமையையும் இரவு வேலையையும் காரணங்காட்டிப் போத்தலை மறைக்கிறோம். வைத்தியர் கேட்பது வதிவிட உரிமையைத் தீர்மானிக்க அல்ல. எமது உயிரைக் காக்கவே. அங்கேனும் உண்மையைச் சொல்வோம்.