முகத்தில் முடியா? லேசருக்குப் போகுமுன் கொஞ்சம் நில்லுங்கள்

மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்துவிட்டது. நிக்காஹுக்கு இன்னும் மூன்றே வாரம். அப்போதுதான் மகள் உம்மாவிடம் மெதுவாக வாய் திறக்கிறாள். நாடியிலும் மேலுதட்டிலும் முளைக்கும் கறுத்த முடியை, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வருடக்கணக்காகப் பிடுங்கி வந்திருக்கிறாள். "லேசர் அடித்தால் ஒரேயடியாகப் போய்விடுமாம் உம்மா" என்கிறாள். காப்பொன்றை விற்றாவது செய்துவிடலாம் என்று உம்மாவும் நினைக்கிறார்.

அன்புச் சகோதரிகளே, இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடப்பதல்ல. வெட்கத்தால் வெளியே பேசப்படாத விடயம், அவ்வளவுதான். பணத்தை எடுத்துக்கொண்டு புறப்படுமுன் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

லேசர் என்ன செய்கிறது?

லேசர் என்பது ஒரே நிறமுள்ள, சக்தி மிக்க ஒளிக்கற்றை. முடிக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் என்ற பொருள் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு வேரைத் தாக்குகிறது. இந்தத் தத்துவத்தை 1983இல் அமெரிக்க வைத்தியர்களான ரொக்ஸ் அண்டர்சன், ஜோன் பரிஷ் ஆகியோர் விளக்கினார்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து முடி அகற்றும் சிகிச்சைக்கு லேசர் பயன்பட்டு வருகிறது.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் விளங்கும். நரைத்த முடியிலும் பூனை முடி போன்ற மெல்லிய முடியிலும் லேசர் சரியாக வேலை செய்யாது. அடுத்தது, மெலனின் நம் தோலிலும் இருக்கிறது. வெள்ளைத் தோலுக்கு ஏற்ற மெசினை நம் மாநிறத் தோலில் கண்டபடி பாவித்தால் முடியோடு தோலும் வெந்துவிடும். கொப்புளம் வரலாம், ஆறிய பிறகு கறுத்த அல்லது வெளுத்த தழும்பு பல மாதம் நிற்கலாம். கறுத்த தோலுக்கு 1064 நனோமீற்றர் அலைநீளம் கொண்ட 'என்டி யாக்' லேசரே பாதுகாப்புக் கூடியது என்பது தோல் வைத்தியர்களின் கருத்து.

ஒரே தடவையில் போகுமா?

போகாது. நம் உடம்பு முடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளரும், சில ஓய்வில் இருக்கும். வளரும் முடியைத்தான் லேசர் பிடிக்கும். ஆகவே 4 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை என்று 6 அல்லது 8 தடவைகள் போக வேண்டிவரும். அதன் பின்னும் இடைக்கிடை செய்ய நேரலாம். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம்கூட இதை நிரந்தரமான 'குறைப்பு' என்றுதான் சொல்ல அனுமதிக்கிறது. நிரந்தரமாக 'ஒழிப்பது' என்றல்ல.

சிகிச்சையின்போது றப்பர் பட்டியால் சுண்டிவிட்டது போல வலிக்கும். சிவப்பும் சிறு வீக்கமும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். முடி அன்றே விழாது. ஓரிரு வாரங்களில் உதிரும்.

மூன்று வாரத்தில் நிக்காஹ் என்றால் இப்போது லேசரைத் தொடாதீர்கள். திரெடிங் போதும். ரேஸரும் பாவிக்கலாம், சவரம் செய்தால் முடி தடிக்கும் என்பது வெறும் நம்பிக்கை.

உடம்பு சொல்லும் சேதி

இதுதான் முக்கியம். நாடி, மேலுதடு, நெஞ்சு, வயிறு போன்ற இடங்களில் தடித்த முடி முளைப்பது சிலவேளை நோயின் அறிகுறி. மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லையா? முகப்பரு, உடல் பருமன், கழுத்தின் பின்புறம் கறுத்தல் இவையும் உண்டா? அப்படியானால் 'பொலிசிஸ்டிக் ஓவரி' எனும் சூலக நோயாக இருக்கலாம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 100க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. கவனிக்காமல் விட்டால் கர்ப்பம் தரிப்பதில் தாமதம், பின்னாளில் நீரிழிவு என்று தொல்லை வளரும். ஹோர்மோன் கோளாறை அப்படியே விட்டுவிட்டு லேசர் மட்டும் செய்தால், புதிய முடி வந்துகொண்டே இருக்கும், காசும் கரையும்.

ஆகவே முதலில் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சில மாதங்களுக்குள் திடீரென முடி பெருகி, குரலும் தடித்தால் நாள் கடத்தவே வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

* இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்ற வைத்தியரின் மேற்பார்வை உண்டா, மெசினை யார் பிடிப்பார், மொத்தச் செலவு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்.
* முதலில் சிறு இடத்தில் பரீட்சித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குக் கவசக் கண்ணாடி கட்டாயம்.
* நான்கு வாரங்களுக்கு முன்பே பிடுங்குவதையும் திரெடிங், வெக்சிங் செய்வதையும் நிறுத்துங்கள். வேர் இல்லாவிட்டால் லேசர் எதைப் பிடிக்கும்? வெயிலையும் தவிருங்கள். அந்த இடத்தில் மருதாணி வேண்டாம்.
* கர்ப்பிணிகள் தள்ளிப் போடுவதே நல்லது. பாவிக்கும் மருந்துகளை மறைக்காமல் சொல்லுங்கள்.
* மரக்கச் செய்யும் கிறீமை நீங்களாக அள்ளிப் பூசாதீர்கள். லேசருக்காக இதை உடம்பில் அதிகம் பூசிச் சுற்றிக் கட்டிய இரண்டு இளம் பெண்கள் அமெரிக்காவில் மரணமடைந்ததை அடுத்து, 2007இல் அந்நாட்டு அரசு எச்சரிக்கை விடுத்தது.

மார்க்கத்தின் பார்வையில்

பெண்ணுக்குத் தாடி, மீசை போல முடி முளைத்தால் அதை அகற்றுவது விரும்பத்தக்கது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். ஆகவே இதில் குற்ற உணர்வு தேவையில்லை. புருவத்தை மெலிதாக்குவது வேறு விடயம். அது ஹதீஸில் தடுக்கப்பட்டது. கண்ணுக்குப் பக்கத்தில் லேசர் அடிப்பது ஆபத்து என்று வைத்தியர்களும் தடுக்கிறார்கள்.

தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி பெண்களுக்கு மத்தியிலும் அவ்ரத்தே. அதை அழகுக்காக இன்னொருவரிடம் திறந்து காட்டுவது கூடாது. அங்குள்ள முடியை நாற்பது நாட்களுக்கு மேல் விடாமல் வீட்டிலேயே நீக்கிக்கொள்வது நமக்குப் பழக்கமான சுன்னத்துத்தானே. முகத்துக்கும் கைக்கும்கூடப் பெண் வைத்தியரையே நாடுங்கள். உம்ரா, ஹஜ் போகிறவர்கள், இஹ்ராமில் முடி நீக்குவது தடை என்பதை மனதில் வைத்து நாள் குறியுங்கள்.

தாய்மாரே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. மகள் நாடியைத் தடவிக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் ஏசாதீர்கள்; "யாருக்கும் சொல்லாதே" என்று வாயை அடைக்கவும் வேண்டாம். பக்கத்தில் அமர்த்தி, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, எந்த லேசரும் செய்யாத உதவியை அவளுக்குச் செய்யக்கூடும். நோயைத் தந்த அல்லாஹ் அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான். நேரத்தோடு தேடினால் இன்ஷா அல்லாஹ் சுகம் கிட்டும்.